அலுமினியம் டிரைவ்ஷாஃப்ட் மாற்றினால் கார் பறக்குமா? மஸ்டாங் பிரியர்கள் போடும் ஆயிரம் டாலர் கணக்கு

அமெரிக்காவின் ‘மசில் கார்’ ரசிகர்களுக்கு 2023 டிசம்பர் சோகமான மாதம். டாட்ஜ் சேலஞ்சர், செவர்லே கமாரோ இரண்டின் உற்பத்தியும் அந்த மாதத்தோடு முடிந்தது. பெரிய வி8 இஞ்சின், பின்சக்கர இழுவை, இரண்டு கதவு என்ற அந்தப் பழைய கூட்டணியில் இன்று மிச்சமிருக்கும் பெயர் ஃபோர்டு மஸ்டாங் மட்டுமே.

புதுசு கிடைக்காது, கிடைத்தாலும் விலை எட்டாது என்றால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? கையில் இருக்கும் பழைய காரைத் தேற்றுவார்கள். அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வாகனங்களின் சராசரி வயது 2024-இல் 12.6 ஆண்டு, 2025-இல் 12.8. வெளிச்சந்தை பாகங்கள், அலங்காரங்கள், மாற்றியமைப்புகளுக்கு மட்டும் அந்நாட்டில் ஆண்டுக்கு 5,000 கோடி டாலருக்கு மேல் செலவாகிறது. அந்தச் சந்தையில், குறிப்பாக 2005 முதல் 2014 வரை வந்த மஸ்டாங் ஜிடி வைத்திருப்பவர்களிடம், எப்போதும் மவுசு குறையாத ஒரு பொருள் உண்டு. கம்பெனி போட்டுக்கொடுத்த இரண்டு துண்டு ஸ்டீல் டிரைவ்ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டுப் போடும் ஒரே துண்டு அலுமினியம் டிரைவ்ஷாஃப்ட்.

விலை ரகத்தைப் பொறுத்து சுமார் 600 முதல் 1,000 டாலர். நம் கணக்கில் 50 ஆயிரம் ரூபாய்க்கு மேல். ‘எடை குறையும், பிக்கப் ஏறும்’ என்பதுதான் விற்பவர்களின் வாக்குறுதி. இதில் எவ்வளவு உண்மை? 2025-இல் அமெரிக்கா அலுமினியத்தின் மீது போட்ட வரி இந்த விலையை எவ்வளவு ஏற்றும்? பார்ப்போம்.

டிரைவ்ஷாஃப்ட் என்றால் என்ன?

நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் ‘ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்’ என்பார்களே, அதேதான். லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தால் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சில் வரை நீளமாக ஒரு குழாய் போகும். இஞ்சின் கொடுக்கும் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கடத்துவது அதன் வேலை. இரு முனையிலும் ‘கிராஸ்’ எனப்படும் யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கும். வண்டி நீளமாக இருந்தால் ஒரே குழாயாகப் போடாமல் இரண்டு, மூன்று துண்டாகப் பிரித்து, நடுவில் ஒரு சென்டர் பேரிங்கைக் கொடுத்துத் தாங்குவார்கள். முன்சக்கர இழுவை உள்ள சின்ன கார்களில் இந்த நீளக் குழாயே கிடையாது. இன்றைய இளைஞர்கள் பலர் இதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால்தான் இவ்வளவு விளக்கம்.

அந்த மஸ்டாங் ஜிடியில் இருப்பதும் லாரி போன்ற அமைப்புதான்: இரண்டு துண்டு, நடுவில் ரப்பரில் தொங்கும் ஒரு பேரிங். மொத்த எடை ஏறத்தாழ 17, 18 கிலோ. அதற்குப் பதிலாக வரும் ஒரு துண்டு அலுமினியம் ஷாஃப்ட் 9 கிலோவை ஒட்டி இருக்கும். பாதிக்குப் பாதி! கையில் தூக்கிப் பார்த்தால் யாருக்குமே ஆசை வரும்.

எடை குறைந்தால் வேகம் கூடாதா?

கூடும். எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

காரின் எடை சுமார் 1,650 கிலோ. அதில் 9 கிலோ குறைகிறது. அதாவது அரை சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது. டிராக் ரேஸ் ஓட்டுபவர்களிடையே ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு: 100 பவுண்டு எடை குறைத்தால் கால் மைல் தூரத்தில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு மிச்சமாகும். அந்தக் கணக்குப்படி இந்த 20 பவுண்டுக்குக் கிடைப்பது 0.02 நொடி. கண் இமைக்கும் நேரம்கூட அல்ல. பெட்ரோல் டேங்கைக் கால்வாசி காலியாக வைத்துக்கொண்டு ஓட்டினால் இதைவிட அதிகம் கிடைக்கும், செலவே இல்லாமல்.

உடனே ஒரு மறுப்பு வரும். “அது சும்மா கிடக்கிற எடை இல்ல பாஸ், சுத்துற எடை. சுத்துற எடையில ஒரு கிலோ குறைச்சா பத்து கிலோ குறைச்ச மாதிரி!” கார் பிரியர்கள் கூடும் இடத்தில் எல்லாம் கேட்கக்கூடிய வாதம் இது. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டால் நிற்கவில்லை.

சுழலும் பொருளின் நிலைமம் எடையை மட்டும் பொறுத்ததல்ல. அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதன் வர்க்கத்தையும் பொறுத்தது. சக்கரத்தில் டயர் மையத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. டிரைவ்ஷாஃப்ட்டோ கையால் பிடிக்கிற அளவுக் குழாய். அதன் ஆரம் 4 சென்டிமீட்டர் சுமார். அது சக்கரத்தைவிட மூன்றரை மடங்கு வேகமாகச் சுழல்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால்கூட, பழைய ஸ்டீல் ஷாஃப்ட்டின் மொத்தச் சுழற்சியும் காரில் இரண்டு மூன்று கிலோ கூடுதலாக வைத்ததற்குச் சமமாகத்தான் வருகிறது. அதாவது அந்தச் சுழற்சியை மாயமாக முழுசா மறையச் செய்தாலும், டிக்கியிலிருந்து ஒரு சின்ன அரிசிப் பையை இறக்கிய லாபம்தான்.

அதுவும் முழுசாக மறையாது. அலுமினியம் ஷாஃப்ட்டின் குழாய் பருமனானது. ஸ்டீல் குழாய் மூன்று அங்குலத்தை ஒட்டி இருந்தால் இது மூன்றரை, நான்கு அங்குலம். எடை பாதியானாலும் அந்த எடை மையத்திலிருந்து தள்ளிப் போய்விடுகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் பழையதுக்கும் புதியதுக்கும் சுழற்சி நிலைமத்தில் பெரிய வித்தியாசம் மிஞ்சுவதில்லை. ‘சுத்துற எடை’ என்ற பேச்சு லேசான வீல், லேசான ஃப்ளைவீல் விஷயத்தில் பொருந்தும். இங்கே பொருந்தாது.

அப்படியென்றால் டைனோ மெஷினில் ஏற்றி, ‘பாருங்க, சக்கரத்துல இத்தனை குதிரைத்திறன் கூடியிருக்கு’ என்று காட்டுகிறார்களே? ஒரே காரை, ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல், அதே மெஷினில் அடுத்தடுத்து மூன்று முறை ஓட்டினாலும் இஞ்சின் சூடு, காற்றின் சூடு, டயர் அழுத்தத்தைப் பொறுத்துச் சில குதிரைத்திறன் ஏறி இறங்கும். ஒரு பேரிங்கும் ஒரு ஜாயின்ட்டும் குறைவதால் உராய்வு கொஞ்சம் மிச்சமாவது உண்மை. அது இந்த ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துபோகிற அளவு.

பிறகு எதற்காகப் போடுகிறார்கள்? போலீஸ் கார் சொல்லும் பதில்

வேகமாகப் போவதற்காக அல்ல, வேகமாகப் போகும்போது உடையாமல் இருப்பதற்காக. இந்தப் பாகத்தின் உண்மையான பயன் அதுதான். இதைப் புரிந்துகொள்ள ஃபோர்டு கம்பெனியின் இன்னொரு காரைப் பார்க்கலாம்.

ஹாலிவுட் படங்களில் சைரன் போட்டுத் துரத்தும் அந்தப் பெரிய வெள்ளை கறுப்பு கார், ஃபோர்டு கிரவுன் விக்டோரியா போலீஸ் இன்டர்செப்டர். 2011 வரை தயாரானது. இதில் இரண்டு வகை ஆக்சில் ரேஷியோ கொடுத்தார்கள். 3.27 ரேஷியோ உள்ள காரின் வேகம் மணிக்கு 129 மைலில் மின்னணு முறையில் தடுக்கப்பட்டிருந்தது. 3.55 ரேஷியோ உள்ள காருக்கு 119 மைலிலேயே தடை. இஞ்சின் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த 10 மைல் வித்தியாசம்?

129-ஐ 3.27-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 422. 119-ஐ 3.55-ஆல் பெருக்குங்கள்: அதுவும் 422. ஆக்சில் ரேஷியோ என்பது சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ்ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற எண். ஆக, இரண்டு காரிலும் டிரைவ்ஷாஃப்ட் ஒரே சுழற்சி வேகத்தைத் தொடும்போது கம்ப்யூட்டர் இஞ்சினைக் கட்டுப்படுத்துகிறது. அந்த வேகம் நிமிடத்துக்கு 5,200 சுற்றை ஒட்டியது. காரின் உச்ச வேகத்தை முடிவு செய்தது இஞ்சின் அல்ல, அடியில் ஓடும் குழாய்!

காரணம், நீளமான எந்தக் குழாயும் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் நேராக நிற்காது. ஸ்கிப்பிங் கயிறு போல நடுவில் வில்லாக வளைந்து சுழல ஆரம்பிக்கும். பொறியாளர்கள் இதை ‘கிரிட்டிக்கல் ஸ்பீடு’ என்கிறார்கள். அந்த வேகத்தை நெருங்கினால் முதலில் அதிர்வு, பிறகு கிராஸ் தெறிப்பது, கடைசியில் குழாயே முறிவது. அதனால் கணக்கில் வரும் கிரிட்டிக்கல் ஸ்பீடின் முக்கால் பங்கைத் தாண்டாமல் வைத்திருப்பது பொதுவான வழக்கம்.

இப்போது மஸ்டாங்குக்கு வருவோம். 27 அங்குல டயர், 3.55 ரேஷியோ. மணிக்கு 120 கிலோமீட்டரில் டிரைவ்ஷாஃப்ட் 3,300 ஆர்பிஎம் சுற்றும். ஒரு பிரச்சினையும் இல்லை. 250 கிலோமீட்டரில் 6,900-ஐத் தொடும். பிக்கப்புக்காக ஆக்சில் ரேஷியோவை 4.10-க்கு மாற்றும் பழக்கம் மஸ்டாங்காரர்களிடம் அதிகம். அப்போது 240-இலேயே 7,600 ஆர்பிஎம் ஆகிவிடும். ரேஷியோவை மாற்றும்போதே டிரைவ்ஷாஃப்ட்டின் வேக எல்லையைச் சுருக்கிவிட்டோம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. அதன்மேல், கம்பெனி போட்ட வேகத்தடையையும் ‘ட்யூன்’ செய்து எடுத்துவிடுகிறார்கள். அந்தத் தடைக்குப் பின்னால் டயரும் டிரைவ்ஷாஃப்ட்டும் இருக்கின்றன என்று தெரியாமல் எடுத்தால் ஆபத்துதான்.

அலுமினியம் என்பதால் மட்டும் உறுதி வந்துவிடாது

இங்கே ஒரு ஆச்சரியம். கிரிட்டிக்கல் ஸ்பீடு என்பது உலோகத்தின் விறைப்புக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. ஸ்டீல் அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு விறைப்பு. எடையும் மூன்று மடங்கு. வகுத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்! ஒரே நீளம், ஒரே விட்டம் உள்ள ஸ்டீல் குழாயும் அலுமினியக் குழாயும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் வளைய ஆரம்பிக்கும்.

அப்போ என்ன லாபம்? அலுமினியம் லேசாக இருப்பதால் குழாயைப் பருமனாகப் போட முடிகிறது. விட்டம்தான் நாயகன், உலோகம் அதற்கு உதவி செய்கிறது. ஓர் உதாரணக் கணக்கு: 1.3 மீட்டர் நீளக் குழாய் மூன்று அங்குல விட்டத்தில் இருந்தால் கிரிட்டிக்கல் ஸ்பீடு 7,400 ஆர்பிஎம் சுமார். அதே நீளம் நான்கு அங்குலத்தில் 9,800. முக்கால் பங்கு விதியைப் போட்டால் 5,500-க்கும் 7,300-க்கும் உள்ள வித்தியாசம். 250 கிலோமீட்டர் வேகத்துக்கு 6,900 தேவை என்று பார்த்தோம். முதல் குழாய் தாங்காது, இரண்டாவது தாங்கும். எனவே கடையில் ‘அலுமினியம்’ என்ற வார்த்தையைக் கேட்டு மயங்காமல் ‘எத்தனை அங்குலம்?’ என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

நீளம் இன்னும் முக்கியம். நீளம் இரண்டு மடங்கானால் கிரிட்டிக்கல் ஸ்பீடு நான்கில் ஒரு பங்காகக் குறையும். கம்பெனி ஏன் இரண்டு துண்டாகப் போட்டது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. இரண்டு சின்னத் துண்டுகள் எளிதில் வளையாது. காசு மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் செய்தார்கள் என்று இணையத்தில் சிலர் எழுதுவது சரியல்ல; ஒரு குழாயைவிட இரண்டு குழாய், கூடுதல் ஜாயின்ட், ஒரு பேரிங் என்பது செலவுதானே கூடும்? கம்பெனிக்கு அமைதி வேண்டும், விபத்தில் மடங்கிக்கொடுக்கும் அமைப்பு வேண்டும். ஆனால் நடுவில் உள்ள அந்த ரப்பர் பேரிங்கும் ஜாயின்ட்டும்தான் அதன் பலவீனம். இஞ்சினில் சூப்பர்சார்ஜர் ஏற்றி, பிசின் போல ஒட்டும் டயரைப் போட்டு, கிளட்சைப் பட்டென்று விட்டால் முதலில் கை விரிப்பது அவைதான்.

அந்த விசை எவ்வளவு என்று பாருங்கள். 2011 மஸ்டாங் ஜிடியின் இஞ்சின் கொடுக்கும் டார்க் சுமார் 530 நியூட்டன் மீட்டர். முதல் கியர் அதை 3.66 மடங்காக்குகிறது. டிரைவ்ஷாஃப்ட்டுக்கு வருவது ஏறத்தாழ 1,900 நியூட்டன் மீட்டர். இது கம்பெனி நிலையில், நிதானமாகக் கிளட்ச் விட்டால். உதறிக் கிளம்பும்போது நொடிக்குள் இதன் பல மடங்கு அடி விழும். இஞ்சின் சக்தியை இரட்டிப்பாக்கியவருக்கு ஒரு துண்டு ஷாஃப்ட் ஆடம்பரம் அல்ல, தேவை.

கம்பெனிகளே இந்த வழியில் போயிருக்கின்றன. மணிக்கு 200 மைல் இலக்கோடு வந்த 2013 ஷெல்பி ஜிடி500-க்கு ஃபோர்டு கொடுத்தது கார்பன் ஃபைபரில் ஒரு துண்டு டிரைவ்ஷாஃப்ட். 1990-களின் இறுதியில் செவர்லே கார்வெட்டில் அலுமினியத்தோடு அலுமினா துகள்களைக் கலந்து விறைப்பைக் கூட்டிய குழாய் வந்தது. சாதா அலுமினியத்தால் விகிதம் மாறாது என்று சொன்னோமே, அதை மாற்றுவதற்கான வழி இது. இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு கதை உண்டு. பிஎம்டபிள்யூ தன் எம்3, எம்4 கார்களில் 2014 முதல் பெருமையாகப் போட்ட கார்பன் ஷாஃப்ட்டை 2017 இறுதியில் எடுத்துவிட்டு ஸ்டீலுக்குத் திரும்பியது. காரணம் தரக்குறைவு அல்ல. மாசு விதிகளுக்காகச் சேர்க்க வேண்டிய வடிகட்டிக்கு அடியில் இடம் வேண்டியிருந்தது. கார்பன் குழாயோ பருமன். மெல்லிய ஸ்டீல் போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

மாற்றியவர்கள் புலம்புவது எதற்காக?

அதிர்வுக்காக. இந்தப் பாகத்தைப் பற்றிய புகார்களில் முக்கால்வாசி இதுவாகத்தான் இருக்கும். 100, 120 கிலோமீட்டர் வேகத்தில் சீட்டுக்கு அடியில் ஒரு ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம். சில கார்களில் கியர் நாபே நடுங்கும்.

காரணங்கள் மூன்று. முதலாவது, கம்பெனி ஷாஃப்ட்டில் இருந்த ரப்பர் போய்விட்டது. டிஃபரன்ஷியலின் பற்கள் போடும் சத்தத்தை ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்தது, இப்போது குழாய் ஒலிபெருக்கி வேலை பார்க்கிறது. இரண்டாவது, பேலன்ஸ். மூன்றாவதும் பெரும்பாலும் கவனிக்கப்படாததும் கோணம். கிராஸ் ஜாயின்ட் வளைந்த நிலையில் சீராகச் சுழலாது; ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். முன் ஜாயின்ட்டின் கோணமும் பின் ஜாயின்ட்டின் கோணமும் சமமாக இருந்தால் ஒன்றின் தள்ளாட்டத்தை மற்றது சரிக்கட்டிவிடும். காரைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கை மாற்றியவர்களுக்கு இந்தச் சமன் ஏற்கெனவே கெட்டிருக்கும். இரண்டு துண்டு ஷாஃப்ட் அதை மறைத்துக்கொண்டிருந்தது. ஒரு துண்டு போட்டதும் வெளிப்பட்டு விடுகிறது. பழி புது ஷாஃப்ட் மேல் விழுகிறது. கோணத்தை அளந்து சரிசெய்யாமல் ஷாஃப்ட்டை மட்டும் இரண்டு மூன்று முறை மாற்றிப் பார்த்துப் பணத்தைக் கரைப்பவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று, வெல்டிங். இத்தகைய குழாய்களுக்குப் பரவலாகப் பயன்படும் 6061-டி6 அலுமினியம் வெல்டிங் செய்யும் இடத்துக்கு அருகில் தன் வலிமையில் கணிசமான பங்கை இழக்கும். நல்ல தயாரிப்பாளர் அதைக் கணக்கில் வைத்துத்தான் குழாயின் தடிமனை முடிவு செய்வார். பெயர் தெரியாத மலிவுச் சரக்கில் அந்த உத்தரவாதத்தை எங்கே தேடுவது? கல் பட்டு விழுந்த ஆழமான கீறலும், ஜாக்கியை ஷாஃப்ட்டுக்கு முட்டுக்கொடுத்ததால் விழுந்த சின்னப் பள்ளமும்கூட மெல்லிய அலுமினியக் குழாய்க்கு ஆகாது.

உடைந்தால் என்ன ஆகும்? பின் ஜாயின்ட் போனால் குழாய் சாலையில் இழுபடும். முன் ஜாயின்ட் போனால்தான் பயங்கரம். குழாயின் முன்முனை கீழே விழுந்து சாலையில் குத்தி, காரையே பின்பக்கம் தூக்கிவிடக்கூடும். அல்லது தரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே வரும். அதனால்தான் அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்ஹெச்ஆர்ஏ, ஸ்லிக் டயரோடு கால் மைலை 13.99 நொடியிலோ அதைவிட விரைவாகவோ கடக்கும் கார்களுக்கு ‘டிரைவ்ஷாஃப்ட் லூப்’ கேட்கிறது. குழாயைச் சுற்றி வரும் இரும்பு வளையம். முன் ஜாயின்ட்டிலிருந்து 6 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஷாஃப்ட்டின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை சொற்பம். ஆனாலும் ஆயிரம் டாலர் ஷாஃப்ட்டைப் போட்டுவிட்டு இதை விட்டுவிடுபவர்களே அதிகம், கண்ணுக்குப் பளபளவென்று தெரியாத பொருள் என்பதாலோ என்னவோ.

டிரம்ப் போட்ட வரி விலையை ஏற்றுமா?

2018-இல் டிரம்ப் நிர்வாகம் இறக்குமதி அலுமினியத்துக்கு 10 சதவீத வரி போட்டது. 2025 மார்ச் 12 முதல் அது 25 சதவீதம், ஜூன் 4 முதல் 50 சதவீதம். உள்நாட்டில் அலுமினியம் உருக்கும் ஆலைகள் அமெரிக்காவில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டன. பெருமளவு உலோகம் கனடாவிலிருந்து வருகிறது. வரி ஏறியதும் உள்நாட்டு ஆலையும் சும்மா இருக்காது, தன் விலையையும் அந்த அளவுக்கு ஏற்றிக்கொள்ளும். ‘நாங்க வாங்குறது லோக்கல் மெட்டல்’ என்பவருக்கும் தப்பிக்க வழியில்லை.

இதைக் கேட்டதும் அலுமினியம் ஷாஃப்ட் விலை பாதிக்குப் பாதி ஏறும் என்று தோன்றும். ஆனால் ஒரு ஷாஃப்ட்டில் இருக்கும் அலுமினியம் ஆறு ஏழு கிலோதான். 2025-இல் உலகச் சந்தையில் ஒரு கிலோ அலுமினியம் மூன்று டாலருக்குள் இருந்தது. கச்சா உலோகத்தின் மதிப்பு 20 டாலரைத் தாண்டாது. 50 சதவீத வரி என்றால் 10 டாலர். ஆயிரம் டாலர் பொருளில் ஒரு சதவீதம். மீதியெல்லாம் குழாயாக இழுப்பது, வெல்டிங், பேலன்ஸிங், ஜாயின்ட், ஆள் கூலி, கடை லாபம்.

அடி விழுவது வேறு இடத்தில். இறக்குமதியாகும் கார் பாகங்கள் மீது, பவர்டிரெய்ன் பாகங்களையும் சேர்த்து, 2025 மே 3 முதல் தனியாக 25 சதவீத வரி வந்தது. குழாயாகவோ முழு ஷாஃப்ட்டாகவோ வெளிநாட்டில் செய்து கொண்டுவந்தால் வரி மொத்த மதிப்பின் மீது விழும், உலோகத்தின் மீது மட்டுமல்ல. எனவே ‘அலுமினியம் வரியால்தான் விலை கூட்டினோம்’ என்று உள்நாட்டில் செய்பவர் நூறு டாலர் ஏற்றினால், அதில் பெரும்பகுதிக்கு அவர் வேறு காரணம் சொல்ல வேண்டும். இறக்குமதியாளர் அதையே சொன்னால் நம்பலாம்.

வாரண்டி போய்விடுமா?

அமெரிக்காவில் இதற்கு 1975-ஆம் ஆண்டே சட்டம் இருக்கிறது. மேக்னசன் மாஸ் வாரண்டி சட்டம். வெளிப்பாகம் போட்டார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்த வாரண்டியையும் ரத்து செய்ய முடியாது. அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று கம்பெனி காட்ட வேண்டும். 2022-இல் ஹார்லி டேவிட்சன் தன் வாரண்டி நிபந்தனைகளில் வெளிப்பாகங்களுக்கு எதிராக எழுதியிருந்ததற்காக அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. டிரைவ்ஷாஃப்ட் மாற்றியவரின் ஏசி பழுதானால் டீலர் மறுக்க முடியாது. டிஃபரன்ஷியலோ கியர்பாக்ஸின் பின் சீலோ போனால்? அங்கே வாதம் நீளும். ஷாஃப்ட்டிலிருந்து அதிர்வு இருந்தது என்று சர்வீஸ் பதிவில் ஏற்கெனவே எழுதியிருந்தால் வாடிக்கையாளர் பக்கம் பலம் குறைவு.

புகை விதிகள் பற்றிய கவலை இதில் இல்லை. எக்ஸாஸ்ட், இஞ்சின் ட்யூன் போன்றவற்றுக்குக் கெடுபிடி காட்டும் கலிஃபோர்னியாகூட டிரைவ்ஷாஃப்ட்டைக் கேட்பதில்லை.

அப்போ யார் போடலாம்?

தினசரி ஆபீஸுக்குப் போய் வரும், இஞ்சினைத் தொடாத காருக்கு இது தேவையில்லை என்பதே நமது கருத்து. அதே காசுக்கு நல்ல டயர் வாங்கினால் வேகம், பிரேக் இரண்டும் கண்கூடாகத் தேறும். ஒரு விதிவிலக்கு: காருக்கு வயதாகிச் சென்டர் பேரிங் போய்விட்டது, கம்பெனி ஷாஃப்ட்டை முழுசாக மாற்றச் சொல்கிறார்கள் என்றால், அப்போது அலுமினியத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. டிராக்கில் 200 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட நேரம் ஓட்டுபவர், இஞ்சின் சக்தியைப் பெரிதாக ஏற்றியவர், ரேஷியோவை 4.10-க்கு மாற்றியவர் ஆகியோர் போடத்தான் வேண்டும். விட்டம், பேலன்ஸ் செய்த ஆர்பிஎம், ஜாயின்ட் வகை மூன்றையும் கேட்டு வாங்கி, லூப்போடு.

இந்தியாவில் மஸ்டாங் வைத்திருப்பவர்களுக்கு?

2016-இல் 5 லிட்டர் வி8 இஞ்சினோடு மஸ்டாங் இங்கே இறக்குமதியாகி விற்பனைக்கு வந்தது. 2021-இல் ஃபோர்டு இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகும் அந்த கார்கள் நம் சாலைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுக்கும் இந்தப் பாகங்களை வரவழைக்கும் ஆர்வலர்கள் உண்டு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவு சொல்கிறது. ஆர்சி புத்தகத்தில் டிரைவ்ஷாஃப்ட் என்ற கட்டமே கிடையாது. வாகனத்தின் அடிப்படை அமைப்பும் மாறுவதில்லை. எனவே சைலன்சரை மாற்றியவரைப் பிடிப்பதுபோல் சாலையில் யாரும் இதற்காக நிறுத்தப்போவதில்லை. சிக்கல் வருவது விபத்துக்குப் பிறகு, இன்சூரன்ஸ் சர்வேயர் காரை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்கும்போது. மாற்றத்தை முன்கூட்டியே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் அதைக் குறிப்பிடச் சொல்லி வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. ஷாஃப்ட் வாங்கிய பில்லும், பேலன்ஸ் செய்ததற்கான தாளும் அதோடு இருக்கட்டும்.